எவரிஸ்டோவுக்கு நான் திருப்பி எறிந்த பந்து

அன்பு மகன் அஹ்சனுக்கு, துபாயிலிருந்து உன் வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் உம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை நீ அமெரிக்காவிலிருந்தே பார்த்திருப்பாய், உலகத்தில் பாதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. உன் டொமினிகன் வீரன் எவரிஸ்டோ ஓய்வுபெற்ற பிறகு இங்கே ஒரு பேஸ்பால் காட்சி ஆட்டம் ஆட வருகிறான், அவன் அடிக்கும் பந்து ஒன்று எனக்கு வேண்டும் வாப்பா என்றாய். கரும்பாலைக் கூலியின் மகன், பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கி ஆடியவன், முழங்கால் கெட்ட பிறகும் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் என்று நீ போனில் நடத்திய பாடமெல்லாம் எனக்கு மனப்பாடம். மீனா பஜார் கடையை உம்மாவிடம் விட்டுவிட்டு, என்னை அண்ணனாக நினைத்துக் காக்கா காக்கா என்று சுற்றும் பக்கத்துக் கடை முகம்மது ரிபாயோடு போனேன். எவரிஸ்டோவின் தொப்பை என்னுடையதைவிடப் பெரிது, இவன் எப்படி ஓடுவான் என்றேன். இவன் ஓட வேண்டாம் காக்கா, அடிச்சிட்டு நடப்பான் என்றார் ரிபாய். அப்படியே அடித்தான். வானத்திலேயே குடியேறப் போன பந்து மனம் மாறி நேராக என்னிடம் வந்தது. பிடித்துவிட்டேன் மகனே, உள்ளங்கை இன்னும் வீங்கியிருக்கிறது. ஆனால் இது சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் பார்த்த கை. சிக்ஸர் வந்தால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், என்னைக் கேட்காமலே மைதானத்துக்குள் எறிந்துவிட்டது. எறி நன்றாகவே இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அரங்கமே ஊளையிட்டது. கிறுக்குப் புடிச்சிட்டா காக்கா, புள்ள கேட்டது அந்தப் பந்தத்தானே என்று ரிபாய் தலையில் கைவைத்தார். பேஸ்பாலில் பிடித்த பந்து பிடித்தவருக்கே சொந்தமாம், அடித்தவனை அவமதிக்கத்தான் அப்படித் திருப்பி எறிவார்களாம், பின்னால் இருந்த பிலிப்பினோ பெண் சொன்னாள். ஆட்டம் முடிந்ததும் செக்யூரிட்டி வந்து, பாய், யல்லா, கிளம்பு, உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஹிந்தியில் சொன்னபோது விசா கலாஸ், கதை முடிந்தது என்றே நினைத்தேன். கீழே எவரிஸ்டோ அந்தப் பந்தோடு நின்றான். நான் உனக்கு என்ன செய்தேன் என்று மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டான். எங்கள் ஆட்டத்தில் பந்தைத் தராவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், நீங்கள் இன்னும் அடிக்க வேண்டுமே என்றுதான் எறிந்தேன் என்றேன். சிரித்தான், தொப்பை தனியாகச் சிரித்தது. பிறகு சொன்னான், அவன் அடித்த பந்தெல்லாம் யார் யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலோ இருக்கிறதாம். ஒண்ணாவது வீட்டுக்குக் கொண்டு வந்தியாடா என்று ஊரில் அவன் உம்மா இன்னமும் கேட்கிறாளாம். இதை அவளுக்குக் கொண்டுபோகிறேன் என்று பைக்குள் போட்டுக்கொண்டான். பந்தைக் கேட்கத்தான் வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

மகன் கோபப்படுவான் என்று மட்டும் சொன்னேன். உடனே ரிபாயின் போனைப் பார்த்து உன்னிடம் பேசினான், ரிபாய் எடுத்த அந்தப் பதிவை உனக்கு அனுப்பியிருக்கிறேன். படத்தில் ரிபாயின் கட்டைவிரல்தான் தெரியும், குரல் அவனுடையது. அஹ்சன், உன் வாப்பாவோடு பேசு, என் உம்மா அவருக்காகப் பிரார்த்திப்பாள் என்கிறான். அதைக் கேட்டுவிட்டு மீதிக் கோபத்தைக் காட்டு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பொறுமையும் தரட்டும், பொறுமை கொஞ்சம் அதிகமாகவே தரட்டும். குளிருக்குத் தொப்பி போடு. கீழக்கரையிலிருந்து யாராவது விசாரித்தால், வீடியோவில் பந்தை எறிவது முகம்மது ரிபாய் என்று சொல்லிவிடு.

துஆவுடன்,
வாப்பா சதக்கத்துல்லா