கீழே இறங்கிய பட்டை

மார்ச் 3, செவ்வாய்

பயத்தில் எல்லாம் குழம்புகிறது. வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில், மருந்து பட்டதும் கீழே இறங்கி நிற்கும் பட்டை உடைந்த ஏற்பி (செல்லுக்குச் சேதி வாங்கும் புரதம்) அல்ல. சர்க்கரைச் சங்கிலி ஒட்டாததால் எடை குறைந்த முழு ஏற்பி.
2. சர்க்கரை இல்லாத ஏற்பி செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேராது. 'வளர்' என்கிற சேதி கிடைக்காமல் புற்றுச் செல் சாகிறது.
3. மருமகனுக்கு இது தெரியும். தெரிந்தே மறைக்கிறார்.

மார்ச் 4

அவர் ஆய்வகத் தலைவர். ஓய்வுபெற்ற எனக்கு ஓரத்தில் ஒரு மேசை கொடுத்தவரும் அவர்தான். எங்கள் புற்றுநோய் மருந்து ஏற்பியை உடைக்கிறது என்று பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அந்தப் பட்டையைப் பற்றி மெல்லக் கேட்டேன்.

"மாமா, நீங்க வீட்டுல உங்க சக்கரையைப் பாத்துக்குங்க. இங்க உள்ளதை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 6

மருந்து படாத செல்லின் ஏற்பியை எடுத்து, சர்க்கரையை மட்டும் வெட்டும் நொதியில் ஊறவைத்தேன். மருந்து பட்டபோது நின்ற அதே இடத்துக்குப் பட்டை இறங்கியது. என்மேல் நம்பிக்கையில்லாமல் இன்னும் இரண்டு முறை செய்தேன். அதே இடம்.

படத்தை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, அவர் வருவதற்குள் ஓடிவந்துவிட்டேன். இந்த வயதில்!

மார்ச் 9

படத்தைப் பார்த்திருப்பார். மாடிப்படியில் என்னைக் கண்டதும் வந்த வழியே திரும்பிப் போனார். அமுக்கத்தான் போகிறார்.

மார்ச் 10

பத்திரிகை ஆசிரியருக்குப் படத்தை அனுப்பினேன். பெயர் போடவில்லை. நேரில் கேட்க வாய் வரவில்லை, முதுகில் குத்த மட்டும் கை வருதே— நான் என்ன மனுஷன்?

மார்ச் 13

மகள் வந்தாள். உட்காரவில்லை. ஆசிரியர் அந்தப் படத்தை அவருக்கே அனுப்பிவிட்டாராம். பட்டைகளின் மேல் கையால் எழுதிய எண்கள். ஆய்வகத்தில் ஏழுக்குக் குறுக்குக்கோடு போடுகிறவன் நான் ஒருவன்தான்.

"நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி, திங்கக்கிழமையே கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டாருப்பா. நீங்க சொன்னதுதான் சரின்னு உங்க பேரைப் போட்டே எழுதியிருக்கார். உங்ககிட்ட தலைகுனியணுமேன்னுதான் சொல்லாம பல்லைக் கடிச்சிட்டிருந்தார்."

வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன்.

"வேண்டாம். உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாராம்."

மார்ச் 16

மேசையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். செல்லின் மேற்பரப்பையும் மருமகன் சோதித்துப் பார்த்தாராம். ஏற்பி செல்லுக்குள்ளேயே தேங்கிக் கிடக்கிறது. அன்று வரிசையாக எழுதியதில் முதல் இரண்டும் சரி.

மூன்றாவது தவறு.