காலி நாற்காலியிடம் சொன்ன ‘இல்லீங்க’

நீலகிரித் தைலத்தின் வாசனை இன்றும் வந்தது. துடியலூர் நூலகத்தின் பின்னறையைத் திறந்ததுமே வந்தது. சன்னலைத் திறந்துவைத்தேன். அலமாரியில் புட்டி ஏதும் உருண்டு கிடக்கிறதா என்று தட்டுத் தட்டாகப் பார்த்தேன். இல்லை. போன ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். தலைவலிக்கென்று நீங்கள் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் அந்த மணம் என் மூக்கில் மட்டும் தங்கிவிட்டதோ என்னவோ. எனக்கு என் மூக்கின் மேலும் நம்பிக்கை கிடையாது.

நீங்கள் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்தும் நான் கல்வி அலுவலகக் குமாஸ்தா வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை மதியங்களில் இங்கே உட்காரலாம் என்றது நீங்கள்தான். பிள்ளைகளின் வருகை, மதிப்பெண், ஆசிரியர் குறிப்பு எல்லாம் பெற்றோரின் செல்போனுக்கு வந்துவிடுகிறது. மில்லுக்குப் போகிறவர்கள் அதைத் திறப்பதில்லை, திறந்தாலும் ஆங்கிலம். நான் படித்துச் சொல்வேன். யாரிடம் உதவி கேட்கலாம், ஆலோசகரா, சிறப்பாசிரியரா, உதவித்தொகை அலுவலகமா என்று சொல்வது உங்கள் பங்கு.

“ஏனுங்க சார், ரயில் டைம்டேபிளாட்டம் வாசிச்சா அந்தம்மா எந்த ரயிலுக்குப் போகும்?” என்று என்னைக் கேலி செய்வீர்கள். வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்பார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிடப் போவேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்துவீர்கள். “அது மரியாதைக்குச் சொல்ற சரிங்க, சார். புரிஞ்சு சொன்னதில்ல. இன்னொருக்கா கேளுங்க.”

தை மாதம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய், ஏழாவது படிக்கும் மகளோடு வந்தார். பள்ளியின் குறிப்பைக் காட்டினார். கவனமில்லை, கேட்டால் பதிலில்லை, திமிர் என்றிருந்தது.

“அவிய அப்பா, படிப்பு ஏறாதுன்னு முடிவு பண்ணிப்போட்டாருங்க. திங்கக்கெழம உடுமலைல அவரு தங்கச்சி ஊட்டுல கொண்டுபோய் உடறாராமா. தேங்காக் களத்துல வேலையாமா. நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்.”

மதிப்பெண்களை வரிசையாகப் பார்த்தேன். எழுதிப் போடும் கணக்கில் நன்றாக இருந்தாள். ஆசிரியர் சொல்வதைக் கேட்டு எழுதுவதில் மதிப்பெண் ஒன்றுமில்லை. அவளையே கேட்டேன். பாடம் கடினமா? சரிங்க. யாராவது அடிக்கிறார்களா? சரிங்க. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டியூஷன் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அவள் முகத்தைத் திருப்பினாள். நீங்கள் போனபின் யாரையும் உட்காரவிடாமல் நான் வைத்திருக்கும் உங்கள் நாற்காலியைப் பார்த்து, “இல்லீங்க” என்றாள்.

“ஆருகிட்டப் புள்ள பேசறே?” என்று தாய் அவள் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பிக் கேட்டார்.

“அந்தத் தாத்தா கேட்டாரும்மா. காது கேக்குதா கண்ணுன்னு. வாயைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

தாய் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுந்து அவள் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வெளியே படித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி கூப்பிட்டேன். அவள் உங்கள் நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அன்னூருக்குப் பேருந்தேறினேன். சில்லறை கேட்கக்கூடக் கண்டக்டரிடம் வாய் திறக்காதவன் நான். அவள் தகப்பன் சிரித்தார். “காதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ரெண்டு வருசமாவே கூப்பிட்டாத் திரும்பமாட்டா. அழுத்தக்காரி.”

“முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டுப் பாருங்க.” அதைச் சொன்னது என் குரல்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அவள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். தகப்பன் கூப்பிட்டார். அதட்டினார். கடைசியில் “கண்ணு” என்றார். ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவர்கள் ஏறியது உடுமலைப் பேருந்தில் அல்ல. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்க்கப் போனார்கள். அவர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

இன்று மதியம் காது மெஷினோடு வந்திருந்தாள். சொல்வதை எழுதுவதில் அவள் தேறிவிட்டதை அவள் அம்மா செல்போனில் காட்டினார். அவர் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில், கூச்சத்தோடு கேட்டேன். “கண்ணு, அந்தத் தாத்தா இன்னமும் இருக்காரா?”

நாற்காலியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “இருக்காருங்க. பேசறதில்லீங்க. உங்களையேதான் பாத்துட்டிருக்காரு.”

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டாம் முறையும் கேட்டேன். பதில் வரும்வரை காத்திருந்தேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தப் பொறுமை என்று எழுதத்தான் தொடங்கினேன். இப்போது அது அந்தப் பார்வைதானோ என்று படுகிறது.

வீடு திரும்பும் பேருந்தில் நல்ல கூட்டம். பலர் நின்றபடி வந்தார்கள். என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. நான் சன்னலோரமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.