ராணி இல்லாத கை

அம்மாவுக்கு வணக்கம். நம் சவாயித் தீவில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி தேவலையா?

டாவிலி அத்தை ஊர் திரும்பிப் புகார் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பிரிஸ்பேன் சூதாட்ட விடுதியில் நான் சீட்டுப் போடும் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு மூன்று சீட்டு. கை தேறாதென்றால் ஆடுபவர் முதலில் கட்டிய பணத்தை விட்டுவிட்டுச் சீட்டை வீசிவிடலாம். தேறுமென்றால் இன்னொரு பந்தயம் வைத்து என்னோடு மோதலாம். ராணியோ அதற்கு மேலோ இல்லாவிட்டால் என் கை செல்லாது, மோதியவருக்கே பணம்.

“ஏய் லெசினா, உன் கை எப்படி? கண்ணக் காட்டேன்.”

“கவுத்து வச்சிருக்கு அத்தை, எனக்கே தெரியாது.”

நம்பாமல் வீசிவிட்டார். பக்கத்தில் ஆடியவருக்காக என் சீட்டைத் திருப்பினேன். ராணிகூட இல்லை, வீசாதிருந்தால் அத்தைக்கும் பணம்.

“இந்தக் குப்பைக்கா என்னைப் பயமுறுத்துன? இரு, உங்கம்மாகிட்ட சொல்றேன்!”

சீட்டுப் போட்டு விரல் வெடித்திருக்கிறது. நீங்கள் காய்ச்சும் தேங்காய் எண்ணெய் ஒரு சீசா கொடுத்தனுப்புங்கள். பூவும் போட்டுக் காய்ச்சுங்கள், தலைக்கும் வைத்துக்கொள்வேன். இங்கே என் தலையணைக்கு வாசனையே இல்லை.

வேலையை விட்டு வரச் சொல்கிறீர்கள். கையை வீசிவிட்டு எழுந்துபோக ஆடுபவரால்தான் முடியும், அம்மா. எது விழுந்தாலும் நான் திருப்பிக் காட்டியே ஆகவேண்டும். காட்டுகிறேன்.

இடைவேளை முடிந்தது, மேசைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் லெசினா