ஒரே கிண்ணத்துக் குளிர்மாவு

வினார்த்தி அம்மாளுக்கு,

கெடுங்வாரு ஊர்க் கிழவன் திர்தோ சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு லஸ்மி எழுதுவது. உங்கள் மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். சலாம் சொல்லாமல் தொடங்குவது பாவம் என்பதால் சொல்கிறேன்.

நான் சொல்லப்போவது நிலநடுக்கத்துக்கு மறு வருஷம் நடந்தது. கடைகளில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போய், வீட்டுக்கு வீடு பச்சை கேஸ் சிலிண்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெடித்துவிடும் என்று பயந்து என் மருமகள் அதைக் கோழிக்கூட்டில் வைத்திருந்தாள். பாதி ஊர் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் படுத்தது. எனக்கு எதுவும் மறக்கவில்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். ஏனென்றால் மறந்திருப்பேன் என்று நம்பித்தான் ஜக்கார்த்தாவிலிருந்து உங்கள் தம்பி மகன் சுகெங்கை ரொட்டிப் பெட்டியோடு அனுப்பியிருக்கிறீர்கள்.

நம் ஊர்ப் பாலர் பள்ளிக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்களாம். வாசலில் உங்கள் பெயர் வருமாம். கொப்புள நோய் வந்த வருஷம் பிள்ளைகளைக் காப்பாற்றியது நீங்கள்தான் என்று நான் மேடையேறிச் சொல்ல வேண்டுமாம். “தாத்தா, ரெண்டு வார்த்தை போதும், அத்தை மனசு குளிர்ந்து போயிடும்” என்றான் சுகெங். ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டேன். அவை தின்றன, அவற்றுக்கு மானம் கிடையாது.

அம்மா, பள்ளியை நடத்தியவள் மூர்யாத்தி. நீங்கள் ஊர்த் தலைவர் மனைவி, அதனால் பள்ளிக்குத் தலைவி. அந்த நாற்காலி உங்களுக்குக் கல்யாணத்தோடு வந்தது. மூர்யாத்திக்குச் சம்பளம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் தினமும் காலையில் வாசலில் குந்தியிருப்பாள். வருகிற பிள்ளை அவள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளுமே, அப்போது அந்தக் கையை விடாமல் திருப்பி உள்ளங்கையைப் பார்ப்பாள். “எங்கே, புலி மாதிரி வாயைத் திற” என்பாள். கையில் கொப்புளமோ வாயில் புண்ணோ இருந்தால் பிள்ளையை உள்ளே விடமாட்டாள். கண் சிவந்ததற்காக என் பேத்தி கெந்திஸையே ஒருமுறை திருப்பியிருக்கிறாள். “கோவிச்சுக்காதீங்க மாமா, கண்ணு தெளிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. அவ உட்கார்ற பாய் காத்துக்கிட்டு இருக்கும்” என்றாள்.

கொப்புள நோய் வந்த வருஷம், மாவட்டத்திலிருந்து பள்ளிப் போட்டிக்கு மதிப்பெண் போட அதிகாரிகள் வந்த நாள் அது. ஒரு பிள்ளை குறையக் கூடாது என்பது உங்கள் உத்தரவு. உங்கள் பேரன் பாயுவை மூர்யாத்தி வாசலில் நிறுத்தினாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகவிட்டுக்கொண்டு நின்றான். கெந்திஸின் கையைப் பிடித்தபடி நான் அடுத்து நின்றேன். அவளுக்கு நான்கு வயது.

“வெயில் கொப்புளத்துக்கெல்லாம் பிள்ளையைத் திருப்புவியா? தலைவர் வீட்டுப் பேரனுக்கே தடையா?” என்றீர்கள்.

“அம்மா, இது ஒட்டுற நோவு. அவன் எச்சில் பட்ட பொம்மையை இன்னொண்ணு வாயில வைக்கும். ஆறுற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும்மா” என்று அவள் கெஞ்சினாள்.

“எப்போடி டாக்டருக்குப் படிச்சே?” என்று கேட்டுச் சிரித்தீர்கள். என் பேத்தியைக் கூட்டிப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, “போங்க, போங்க. வீடு கட்ட நிவாரணப் பணம் கேட்டு எங்க வாசலுக்குத்தானே வருவீங்க, அப்போ பேசிக்கலாம்” என்றீர்கள். எங்கள் தலைக்கு மேல் அப்போது தார்ப்பாய்தான் இருந்தது, நானும் போகாமல் நின்றுவிட்டேன்.

உங்கள் வீட்டிலிருந்து குளிர்மாவு வந்தது. பன்னீரில் கரைத்த அரிசிமாவு, ஒரே கிண்ணம். பாயுவின் கொப்புளம் மறைய அப்பினீர்கள். அவன் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் வந்தவர்கள் கேட்பார்களே! அதனால் அதே விரலை அதே கிண்ணத்தில் தோய்த்து, வரிசையாக எல்லாப் பிள்ளைக்கும் கன்னம், கை, உதட்டோரம் என்று தடவினீர்கள். பாயுவுக்கு அடுத்து கெந்திஸ். மாவு இனிக்கிறதா என்று நக்கிப் பார்த்தாள். மூர்யாத்தி கிண்ணத்தைப் பிடுங்க வந்தாள், நீங்கள் அவளைச் சமையலறைக்கு விரட்டினீர்கள். வந்தவர்கள் “கூத்துக்காரப் பொம்மைங்க மாதிரி இருக்காங்களே!” என்று மெச்சினார்கள். கோப்பை உங்களுக்குக் கிடைத்தது.

அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மற்ற பிள்ளைகள் தேறின. பாயுவும் தேறினான், அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. கெந்திஸுக்குத் தூக்கத்தில் கையும் காலும் தூக்கித் தூக்கிப் போட்டது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இளநீர் கேட்டாள். கொடுத்தோம், இறங்கவில்லை.

அவள் போய் மூன்றாம் நாள், அவளுக்காக ஓதியபோது வந்தீர்கள். பெண்கள் நடுவில் உட்கார்ந்து எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டே, “மூர்யாத்தியோட தங்கச்சி குழந்தைக்குக் கொப்புளமாம். வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்து ஊருக்கே ஒட்டிட்டா. நான் மாவு தடவலைன்னா எல்லாப் பிள்ளையும் போயிருக்கும்” என்றீர்கள். மூர்யாத்தி அப்போது பின்கட்டில் எங்களுக்காகத் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தங்கைக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை, அம்மா. ஒரே மூச்சில் இரண்டு பெண்களை அசிங்கப்படுத்தினீர்கள். வீட்டுப் பணம் வரவேண்டியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு ஒரு பிள்ளையும் மூர்யாத்தியிடம் போகவில்லை. வீட்டுவேலைக்கு மலேசியா போனாள்.

அன்று நடந்ததைப் பார்த்தவர்களில் யார் மிச்சம் என்று சுகெங் தைரியமாகத்தான் கணக்குச் சொன்னான். உங்கள் கணவர் போய்விட்டார். மதிப்பெண் போட்டவரும் போய்விட்டார். என் மருமகளும் மகள் பின்னாலேயே போய்விட்டாள். “மூர்யாத்தி அக்காவும் அங்கேயே செத்துட்டாங்களாம், இனி நீங்க ஒருத்தர்தான் தாத்தா” என்றான். நான் மறுக்கவில்லை. அவன் நல்ல செய்தியோடு ஊர் திரும்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் மேடையேறுவேன். ரெண்டு வார்த்தையோடு நிறுத்தமாட்டேன். இதன் அடியில் என் கட்டைவிரல் பதிந்திருக்கும், அந்த நாளில் என் வாயும் இதையே பேசும். இறைவன் உங்களுக்கு ஆயுளைத் தரட்டும், திறப்பு நாள் வரைக்குமாவது தரட்டும். மனதாரக் கேட்கிறேன். கட்டாயம் வாருங்கள். புதுத் தலைவரிடம் சொல்லி முன்வரிசையில் இடம் போடச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் உங்கள் பக்கத்தில் இன்னொருத்திக்கும். நோன்பு மாதத்துக்கு முன்னால் நாங்கள் கல்லறை கழுவும் நாளில், மலேசியாவிலிருந்து திரும்பிய பின் வருஷா வருஷம் கெந்திஸின் தலைமாட்டில் பூ உதிர்த்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போகிறவள். போன மாதமும் வந்தாள். அவளிடம் என்ன சொல்வீர்களோ, அதை வழியிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள். உயிரோடுதான் இருக்கிறாள், மூர்யாத்தி.