மயில் குழறிய நேரங்கள்

எர்லாங்கன்
11.06.2025

மதிசுதனின் அப்பாவுக்கு, கலாதேவி எழுதிக்கொள்வது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. நீங்களும் உங்கள் அக்காவும் முழுச் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் முருகனைக் கேட்கிறேன்.

கையில் போன் இருக்க இவளுக்கு ஏன் கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் நீங்கள் "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்கிறீர்கள்? அக்கா பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு, கலா சாப்பிட்டாளோ எண்டு கேள் என்கிறா. முப்பத்தொரு வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு உங்களோடு தனியாகக் கதைக்க ஒரு முத்திரை ஒட்ட வேண்டியிருக்கிறது. இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

முதலில் எங்கள் மயில் ராசாவின் கதை. பொங்கல் முடிந்த கையோடு நீங்கள் ஊருக்கு வெளிக்கிட்டபோது அவன் ஒழுங்கான தோகைகூட இல்லாத பறவை. இரண்டு வருடமாகச் சத்தம் சந்தடி இல்லாமல் நின்றான். இந்தச் சித்திரையோடு அவனுக்கு மூன்று வயது. தோகை நாலரை அடி. தொண்டை அதைவிடப் பெரிது. காலை நாலு மணிக்குத் தொடங்கினால், ஐயோ, யாரையோ வெட்டுகிறார்கள் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். முதல் நாள் நானே துவாயோடு வாசலுக்கு ஓடினேன்.

இதற்கெல்லாம் மூல காரணம் நீங்கள்தான். பண்ணைக்காரர் ஷூஸ்டர் அன்றைக்குத் தலைதலையாய் அடித்துச் சொன்னார், ஆணைத் தனியாகக் கொண்டுபோகாதே, பேடு ஒன்றையும் கொண்டுபோ என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள்? முருகனுக்குப் பக்கத்தில பேட்டைக் கண்டது ஆர், எங்களுக்கு ஆண் மட்டும் காணும் என்றீர்கள். நானும் தலையாட்டினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். முருகன் காலண்டரைப் பார்த்துப் பறவை வாங்கியவர்கள் இந்த ஜெர்மனியில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். இப்போது அவன் வராத பேட்டைக் கூப்பிட்டுக் குழறுகிறான். கேட்கிற பாவம் எனக்கும் பக்கத்து வீட்டுக்கும்.

கெல்னர் வீட்டை உங்களுக்குத் தெரியும். எங்கள் கொட்டிலுக்கும் அவர்களுடைய படுக்கையறை யன்னலுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்த மனுசன் பஸ் ஓட்டுகிறவர். நித்திரை இல்லாமல் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போக ஏலுமோ? சித்திரையில் அவருடைய மனுசி ஃப்ராவ் கெல்னர் வந்து சிரித்துக்கொண்டு சொன்னா. வைகாசியில் சிரிக்காமல் சொன்னா. பிறகு சொல்வதை விட்டுவிட்டா.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. இருட்டில் வைத்தால் கத்தாது என்று மதிசுதன் மியூனிக்கிலிருந்து பார்த்துச் சொன்னான். கொட்டில் யன்னலுக்குக் கறுப்புக் கம்பளி அடித்தேன். சுவர் முழுக்க முட்டைப் பெட்டி ஒட்டினேன். பொழுதுபட முன்னம் அவனை உள்ளே துரத்தி, காலை எட்டு மணிக்குத்தான் திறப்பேன். ஒரு கிழமை நல்ல பலன். பிறகு வெக்கை தொடங்கிவிட்டது. மூடிய கொட்டிலுக்குள் வாயைப் பிளந்து இளைக்கிறான். பார்க்கப் பொறுக்காமல் கம்பளியை ஒரு சாண் விலக்கினேன். அந்த ஒரு சாண் வெளிச்சம் அவனுக்குப் போதும்.

போன கிழமை நகரசபை அம்ட்டிலிருந்து கடிதம் வந்தது. காலை ஆறு மணிக்கு முன்னம் பறவைச் சத்தம் வெளியே கேட்கக்கூடாதாம். யூன் 30க்குள் என்ன ஒழுங்கு செய்தேன் என்று எழுத்தில் காட்ட வேண்டுமாம். அன்றைக்கே உங்களுக்குப் போன் எடுத்தேன். நீர் பாத்துச் செய்யும் என்றீர்கள். பார்ப்பதும் நான், செய்வதும் நான். நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருப்பா என்று விழுங்கிவிட்டேன்.

இதற்குள் திங்கட்கிழமை வைகாசி விசாகம். இங்கே அன்று விடுமுறை. ஊர் முழுக்கத் தூங்குகிற காலை ஏழு மணிக்கு எங்கள் பஜனைக் கூட்டத்துச் சுகன்யாதேவி அக்கா மூன்று கார் நிறைய ஆட்களோடு வந்திறங்கி, கொட்டில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, அரோகரா என்று ஒரு சத்தம். ராசா பதிலுக்குக் குழற, அக்காவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. இது முருகன் கூப்பிடுற சத்தம் பிள்ளை, இதை அடக்கினா உனக்குத்தான் பாவம் என்கிறா. அவவுடைய வீடு இங்கிருந்து இருபது கிலோமீட்டர். இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் எனக்கும் முருகன்தான் கூப்பிடுவார்.

நேற்றுப் பின்னேரம் ஃப்ராவ் கெல்னர் மறுபடி வந்தா. கையில் ஒரு கொப்பி. இங்கத்தைய ஆட்கள் ஒரு முறைப்பாடு வைப்பதென்றால் சத்தம் கேட்ட நேரத்தை எல்லாம் எழுதி வைப்பார்கள் அல்லவா, அதுதான். திங்கட்கிழமைக் கூத்துக்குப் பேச வந்திருக்கிறா என்று நினைத்து, உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்தேன். அவ கொப்பியை என் பக்கம் தள்ளினா.

4.12 மயில். 4.13 மயில். 4.31 மயில், ஏழு தரம். பக்கம் பக்கமாக இப்படித்தான். நான் வாசித்துக்கொண்டே போனேன். மே 3ஆம் திகதியில் இருந்தது: 5.05, அந்தப் பெண் பறவையோடு கதைக்கிறாள். 5.20, அந்தப் பெண் அழுகிறாள். மே 4: அழுகிறாள். மே 6: அதிக நேரம் அழுகிறாள். மே 9: இன்று அழவில்லை.

உங்களுக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. அவனைச் சமாதானப்படுத்தப் பயறும் கொண்டு விடியப் போவேன். ஏனடா குழறுகிறாய், வராததைக் கூப்பிட்டு ஏனடா தொண்டையைக் கிழிக்கிறாய் என்று அவனைத்தான் ஏசத் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் ஏச்சு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதைத்தான் அவ எழுதி வைத்திருக்கிறா. தமிழ் தெரியாது, அழுகை தெரிந்திருக்கிறது.

வெட்கத்தில் கொப்பியை மூடி வைத்தேன். ஃப்ராவ் கெல்னர், எனக்குப் பறவைக்கு மேலதான் முறைப்பாடு, உங்களுக்கு மேல இல்லை, அம்ட்டுக்குக் குடுத்த பிரதியில இந்த வரிகளை விட்டிட்டன் என்றா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கட மனுசன் எப்ப வருவார் என்று கேட்டா. நான் நல்லூர்த் திருவிழா முடிய என்றேன். அவவுக்கு நல்லூர் தெரியாது, ஆகவே தலையாட்டினா. எனக்குத் தெரியும். முதலில் சிவராத்திரி என்றீர்கள், பிறகு வருடப்பிறப்பு என்றீர்கள், பிறகு விசாகம் என்றீர்கள். நாங்கள் கும்பிடுகிற சாமிகளுக்குத் திருவிழா முடிவதே இல்லை.

ஷூஸ்டரிடம் கேட்டுவிட்டேன். ராசாவைத் திருப்பி எடுப்பாராம். அங்கே பேடுகள் நாலு நிற்கின்றன. நீங்கள் வேண்டாம் என்றால் இந்தக் கிழமைக்குள் வந்து சொல்லுங்கள். போனில் இல்லை, வந்து.

23.06.2025

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். நீங்கள் திடீரென்று வந்துவிட்டால் முத்திரை வீணாகப் போகுமே என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

சனிக்கிழமை கொண்டுபோய் விட்டேன். கெல்னர்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழி முழுக்க அவன் ஒரு சத்தம் போடவில்லை, பார்த்தீர்களா அவனுடைய கெட்டித்தனத்தை. பண்ணையில் இறக்கிவிட்டதும் உடம்பை ஒரு தரம் சிலிர்த்தான், பேடுகளைக் கண்டான், தோகையை விரித்தான். என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இனிக் கத்த மாட்டானோ என்று ஷூஸ்டரிடம் கேட்டேன். கத்துவான், ஆனா பதில் சொல்ல ஆள் இருக்கு என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கெல்னர் பாவம், மயிலுக்காக அழுகிறேன் என்று நினைத்து, இடைக்கிடை கூட்டிக்கொண்டு வாறன் என்றார்.

அம்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கெல்னர் வீட்டில் இப்போது நல்ல நித்திரை. நான்தான் நாலு மணிக்கு எழும்பிக் கட்டிலில் இருக்கிறேன். குந்தியிருந்து யோசித்ததில் ஒன்று விளங்கியது. அவன் குழறத் தொடங்கியதிலிருந்து உங்களைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணம் இருந்தது. மயில் குழறுகிறது, வாருங்கோ. அயலட்டை கோவிக்கிறது, வாருங்கோ. அம்ட் கடிதம் போட்டிருக்கிறது, வாருங்கோ. எல்லாவற்றுக்கும் அவனைத்தான் சாட்டினேன். எனக்கு நீங்கள் வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துபோவேன் என்று ஒரு வீம்பு.

உங்கள் அக்கா விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறா, அவவைப் பார்க்க வேறு ஆள் இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். நான் கல்லுப் பிறவி இல்லை. அவவுக்கு நல்லபடியாகச் சுகம் வரட்டும், கெதியாக வரட்டும். அவவை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றாலும் கூட்டி வாருங்கள், கீழ் அறையை ஒதுக்கித் தருகிறேன். ஸ்பீக்கரில் கேட்பதை நேரில் கேட்கட்டும்.

இப்போது வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. முறைப்பாடு இல்லை, தவணை இல்லை, நீங்கள் வந்து தீர்த்து வைக்க ஒன்றுமே இல்லை. ஆனபடியால் இது ஒன்றுதான் மிச்சம். எனக்காக வாருங்கோ.

முருகன் துணையோடு பத்திரமாக வந்துசேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள்
கலா