நாலு நூல் நட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சொன்னபடி ஸ்டூலில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம் மட்டும்தான்.

நேற்று செய்முறை வகுப்பில் எங்கள் பயிற்சியாளர் பழைய டிரில்லிங் மெஷினுக்குப் பன்னிரண்டு எம்.எம். நட்டு ஒன்றை மாட்டப் பார்த்தார். போல்ட்டோ அரை அங்குலம். நம் பட்டறையில் வளர்ந்த நாக்கு சும்மா இருக்குமா? "சார், இது நாலு நூல் போல்ட்டு. அந்த நட்டு ஏறாது" என்றேன்.

"நூலா? தையல் கிளாஸ் பக்கத்து பில்டிங்மா" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்கினார். போல்ட்டின் மரை மொத்தமும் போயிற்று. மரை கழன்றது போல்ட்டுக்கு மட்டும்தானா என்பது வேறு விஷயம்.

அதோடு விட்டாரா? பதிவேட்டில் "மாணவியின் கவனக்குறைவு" என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். நான் அதன் கீழே, "இது நாலு நூல் போல்ட், அதாவது அரை அங்குலம். முன்பே சொன்னேன்" என்று எழுதி, அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் கிளம்பி வந்துவிடாதீர்கள். உங்கள் டப்பாவிலிருந்து ஒரு நாலு நூல் நட்டு மட்டும் அனுப்புங்கள், அவர் மேசையில் வைக்க வேண்டும். இல்லை, இரண்டாக அனுப்புங்கள். ஒன்று எனக்கு. அதில் இருக்கும் எண்ணெயைத் துடைக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டது. இன்றும் அதே வகுப்புதான்.

உங்கள் மகள்,
இங்கே எல்லோருக்கும் தையல்காரி