நான் சொல்லித்தான் செய்தான்

ஞாயிறு, இரவு.

பன்னிரண்டு வருடம் கம்பெனி ஃபுட்பால் டீமில் டிஃபென்டராக ஆடியவன் நான், இப்போது அதற்கே கோச். இன்று ஒரகடத்தில் மேட்ச். எதிரணி முருகேசன் இரண்டு கோல் போட்டுவிட்டான். இடைவேளையில் எங்கள் செல்வத்திடம், "இன்னொரு தபா வந்தான்னா கால ஒடச்சிடு" என்றேன்.

உடைத்துவிட்டான். எலும்பு முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. முருகேசன் புல்லைப் பிடுங்கிக்கொண்டு அலறினான். அவனுடைய ஆட்கள் செல்வத்தைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நான் புகுந்து செல்வத்தை வெளியே இழுத்தேன்.

வாயெல்லாம் ரத்தம். "நீங்க சொன்னதத்தானண்ணே செஞ்சேன்?" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எப்படா சொன்னேன்?" என்று அந்த வாயிலேயே அறைந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாளை காலை ஷிஃப்டுக்கு எனக்கும் அவனுக்கும் ஒரே பஸ்.